கோமாளி மீன் ஜோடி சேர்ந்ததா இல்லையா: வேலூர் வெயிலில் ஒரு கடல்நீர்த் தொட்டி

மண் பூந்தொட்டியின் உள்சுவரில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருந்த முட்டைகள் இப்போது சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன, டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளியாக இரண்டு கண் மின்னுகிறது. இதற்கு முன் போட்டதை எல்லாம் என் கோமாளி மீன்கள் இரண்டும் தாங்களே தின்றுவிட்டன. இந்தத் தடவை ஆண் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கிறது, அதனால் எழுத உட்கார்ந்தேன். முட்டை வந்த பிறகு ஜோடியா என்று யாரும் கேட்கப்போவதில்லை. முட்டைக்குப் பல மாதம் முன்னாலேயே எதைப் பார்த்துச் சொல்வது என்பதுதான் எனக்கு நீண்ட நாள் பிடிபடாமல் இருந்தது. ஒன்றாகச் சுற்றினால் ஜோடி, துரத்தினால் சண்டை என்று நினைத்திருந்தேன். இரண்டுமே தப்புக் கணக்கு.

முதலில் தண்ணீர். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு போர் தண்ணீர், கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 1400-ஐத் தாண்டும். பாலாற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பாத்ரூம் குழாயில் படியும் வெள்ளைப் பொருக்கே போதும். சமையலறையில் இருக்கும் ஆர்.ஓ. மிஷினில் பிடித்தால் 80 காட்டியது, அது குடிக்க நல்லது, கடல் தொட்டிக்கு ஆகாது. இந்த வீட்டு மிஷின்கள் நிறையவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்துவிடும் ஒரு சின்னத் திருகு இருக்கும். மெக்கானிக்கை விட்டு அதை முழுசாக மூடச் சொன்னேன், 20-க்கு இறங்கியது. அப்புறம் வெளியே வரும் டியூபில் மிச்சமிருக்கும் உப்பையும் உறிஞ்சும் டி.ஐ. ரெசின் அடைத்த ஒரு குழாயைச் சேர்த்ததும் 0. ரெசின், குழாய், டியூப் எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். டி.ஐ. தண்ணீரை வீட்டில் யாரும் குடித்துவிடாமல் இருக்க அந்த டியூபுக்குத் தனியாக ஒரு சிவப்பு டேப் சுற்றிவைத்தேன்.

தொட்டி இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 8 மி.மீ. கண்ணாடி. ஆற்காடு ரோட்டில் ஆர்டர் கொடுத்து ஒட்டி வாங்கியது, ஸ்டாண்டோடு 7,500. கணக்குப்படி 160 லிட்டர், கல்லும் மேல் இடைவெளியும் போக 130 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. லிட்டருக்கு 38 கிராம் என்று உப்பு போட்டால் 5 கிலோ. சமையல் உப்பும் இல்லை, மீன் கடையில் பாக்கெட் போட்டு விற்கும் கல் உப்பும் இல்லை, கடல்நீர்க் கலவை என்றே தனியாக வரும். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரை விட்டு, பம்ப் ஓடும்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி ஒரு நாள் முழுக்கச் சுழல விட வேண்டும். தண்ணீர் தெளிந்த பிறகுதான் அளவு பார்க்கலாம். உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 1,400 ரூபாய். அதை ஆர்.ஓ. தண்ணீர் வைத்து 0-வில் நிறுத்தியதோடு விடாமல், 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) திரவம் ஒரு சின்னப் பாட்டிலில் கிடைக்கும், அதை வைத்தும் சரிபாருங்கள். என்னுடையது 0-வில் சரியாகவும் 35-ல் இரண்டு கோடு தள்ளியும் காட்டியது. நான் வைத்திருப்பது ஒப்படர்த்தி 1.025.

கல் விஷயத்தில் ஒரு வார்த்தை. ராமேஸ்வரம் பக்கமிருந்து பவளப் பாறை கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்ல ஆள் இருப்பார்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு இருக்கும் அதே அட்டவணை, தொடவே கூடாது. நான் வாங்கியது துளைகள் நிறைந்த செயற்கைக் கல் 10 கிலோ. கல்லில் பாக்டீரியா குடியேற ஒரு மாதத்துக்கு மேல் மீனே இல்லாமல், கொஞ்சம் தீவனம் மட்டும் போட்டு பம்ப்பை ஓடவிட்டேன். கழிவில் உண்டாகும் விஷங்களான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி இறங்கி 0 காட்டுகிற வரை மீன் வாங்கப் போகவில்லை. இந்தக் கட்டத்தைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

வேலூரில் தண்ணீரைவிடப் பெரிய பிரச்சினை சூடு. சித்திரை, வைகாசியில் வெளியே 40-ஐத் தாண்டும், மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் அறை ராத்திரி 10 மணிக்கும் கொதிக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் விலை விசாரித்தேன், தொட்டி, ஸ்டாண்ட், மீன் எல்லாவற்றையும் கூட்டினாலும் அதற்குக் கீழேதான். அதனால் கோட்டைக்கு எதிரே சாரதி மாளிகையில் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு வாங்கி, தண்ணீர்மேல் சாய்வாகக் காற்று படும்படி ஓரத்தில் மாட்டினேன். ஃபேன் 700, அடாப்டர் 250. நம் ஊர் வெயில் சென்னை போலப் புழுக்கம் இல்லாத வறண்ட வெயில், அந்த வறட்சிதான் இங்கே உதவுகிறது, தண்ணீர் வேகமாக ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அறை 36-ல் இருந்தபோதும் தொட்டி 30-க்குள் நின்றது. ஆனால் ஒரு நாளைக்கு 3 லிட்டர் வரை குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும், ஆகவே டி.ஐ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. கண்ணாடியில் ஒரு மார்க்கர் கோடு போட்டு, காலையிலும் மாலையிலும் அந்தக் கோடு வரை ஊற்றுவேன். கரண்ட் போனால் ஏர் பம்ப் இன்வெர்ட்டரில் ஓடும்.

இனி மீன்.

என்னிடம் இருப்பது ஒசெல்லாரிஸ், கடையில் எல்லோரும் நீமோ என்றுதான் கேட்பார்கள். நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் செபே இன்னொரு இனம், பெரிதாக வளரும், முரட்டுத்தனமும் அதிகம். கோமாளி மீன் எதுவானாலும் ஒரு விஷயம் பொது: குஞ்சாக இருக்கும்போது ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. கூட்டத்தில் பெரிதாக, அதிகாரமாக இருப்பது பெண் ஆகும், அதற்கு அடுத்தது ஆண். பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும். பெண் ஆன பிறகு திரும்பி ஆணாக மாறாது. இந்த ஒரு வழிப் பாதையை ஒழுங்காக மனதில் வைத்திருந்தால் என் முதல் செலவு மிச்சமாகியிருக்கும்.

காட்பாடியில் ரயில் ஏறி சென்னை பெரம்பூரில் இறங்கி கொளத்தூர் போனேன். அலங்கார மீன் என்றால் கொளத்தூர்தான், தெருத்தெருவாகக் கடை. ஒரு கடையில் நல்ல பெரிய மீன்களாக இரண்டு, ஏறக்குறைய ஒரே அளவு, 6 செ.மீ. இருக்கும். ஒன்றின் பின்னால் ஒன்று நீந்திக்கொண்டிருந்தன. “ரெண்டும் ஒண்ணாத்தாண்ணா சுத்துது, பிரிச்சு வித்தா பாவம், ஜோடியா எடுத்துக்கங்க” என்றார் கடைத் தம்பி. ஆக்ஸிஜன் அடித்த கவர், தெர்மக்கோல் பெட்டி, இரண்டு மணி நேர ரயில், அப்புறம் டியூபில் முடிச்சு போட்டு முக்கால் மணி நேரம் சொட்டு நீர் விட்டுப் பழக்கியது, எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

அன்று சாயங்காலமும் அடுத்த நாளும் இரண்டும் பக்கம் பக்கமாக நீந்தின. எனக்குப் பெருமை. அதற்கப்புறம் ஒருநாள் காலையில் பார்த்தால் இரண்டும் வாயை வாயால் கவ்விக்கொண்டு தொட்டியின் நடுவில் சுழல்கின்றன. யாரோ ஒருவருக்கு வாலின் ஓரம் நூல் நூலாகக் கிழிந்திருந்தது. மத்தியானத்துக்குள் ஒன்று மேலே ஃபேன் பக்க மூலையில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி, உடம்பைச் சாய்த்து நின்றுவிட்டது, சாப்பிடக் கீழே வரவில்லை.

கடைத் தொட்டியில் ஏன் சண்டை இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. அங்கே வெறும் கண்ணாடி, உள்ளே முப்பது நாற்பது மீன், காக்க வேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது. நெரிசலில் யாரும் யாரையும் குறிவைப்பதில்லை. என் தொட்டிக்கு வந்து, இடம் சொந்தம் ஆன பிறகுதான் யார் பெரியவர் என்ற கேள்வி வந்தது. ஒரே அளவில் பெரிதாக இருந்த இரண்டும் அநேகமாக ஏற்கனவே பெண்தான், இரண்டில் ஒன்றும் இறங்கிவர வழியில்லை. பக்கம் பக்கமாக நீந்தியது ஒருவரை ஒருவர் அளந்து பார்த்தது. கிழிந்த வால்காரியைக் காட்பாடியில் காலித் தொட்டி வைத்திருந்த நண்பரிடம் கொடுத்தேன், அங்கே தேறிவிட்டாள்.

இரண்டாவது கட்டம். பெரியவள் இருக்கிறாள், அவளுக்குச் சின்னதாக ஒன்று வேண்டும். 3 செ.மீ. அளவில், பொரிப்பகத்தில் வளர்ந்த குஞ்சு ஒன்று 650 ரூபாய்க்கு வாங்கினேன். கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் எப்போதோ கொண்டுவந்துவிட்டது. கடலில் பிடித்ததைவிட இப்படி வளர்ந்தது நமக்கு வசதி, வந்த அன்றே குருணைத் தீவனம் சாப்பிடும்.

நேராக விடவில்லை. லாங் பஜாரில் காய்கறி அலசுகிற வெள்ளை பிளாஸ்டிக் கூடை 90 ரூபாய்க்கு வாங்கினேன். ஓட்டை 5 மி.மீ., குஞ்சு நுழையாது, தண்ணீர் தாராளமாகப் போய்வரும். வாயில் இரண்டு தெர்மக்கோல் துண்டைக் கேபிள் டையால் கட்டி மிதக்கவிட்டேன். கம்பியோ, இரும்பு கிளிப்போ போடக்கூடாது, உப்புத் தண்ணீர் துருவாக்கி உள்ளே இறக்கிவிடும். கேபிள் டை வெட்டிய முனை கூராக இருக்கும், அதை நெயில் கட்டரால் மழுக்கிவிடுங்கள். கூடைக்குள் ஒரு பி.வி.சி. எல்போ (வளைந்த குழாய்த் துண்டு), ஒளிந்துகொள்ள.

பெரியவள் முதலில் கூடையை முட்டினாள். டொக் டொக் என்று எனக்கே கேட்டது. குஞ்சு எல்போவுக்குள் போய்விட்டது. நாள் போகப் போக முட்டுவது குறைந்து, கூடைக்கு ஒட்டினாற்போல் நின்று பார்க்க ஆரம்பித்தாள். அப்போதுதான் அதைப் பார்த்தேன். குஞ்சு எல்போவை விட்டு வெளியே வந்து, கூடைச் சுவரை ஒட்டி, உடம்பைக் கொஞ்சம் சரித்து, தலையிலிருந்து வால் வரை உதறியது. சைலன்டில் வைத்த போன் மேஜைமேல் அதிர்வது போல, ஒரு நொடி, இரண்டு நொடி, நின்றது, மறுபடி அதிர்ந்தது. பின்னால் நின்ற அம்மா, “இன்னாடா அந்தச் சின்னது இப்படி நடுங்குது, ஜுரம் வந்துகீதா பாரு” என்றார். எனக்கும் அதே பயம்தான். வெள்ளைப் புள்ளி நோயா, செவுள் நோயா என்று டார்ச் அடித்துத் தேடினேன். உடம்பில் ஒன்றும் இல்லை, மூச்சு சீராக இருந்தது, தீவனம் போட்டால் முதல் ஆளாக வந்தது. நோய் நடுக்கம் எந்நேரமும் இருக்கும், தீவனத்தை நிறுத்திவிடும். இது பெரியவள் அருகில் வரும்போது மட்டும் வந்தது, அவள் போனதும் நின்றது. நீதான் பெரியவள், எனக்குச் சண்டை வேண்டாம் என்று சொல்கிற உதறல் அது.

ஜோடி சேருவதற்கு நான் இன்று நம்புகிற முதல் அடையாளம் இதுதான். நெருக்கத்தைப் பார்க்காதீர்கள், உதறலைப் பாருங்கள்.

விளக்கை அணைத்த பிறகு கூடையைச் சாய்த்துக் குஞ்சை விட்டேன். அதற்கு முன் கற்களை இடம் மாற்றி அடுக்கினேன், பெரியவளுக்கும் இடம் புதிதாக இருக்கட்டும் என்று. தொட்டியின் இரண்டு பக்கக் கண்ணாடியிலும் வெளியே தினத்தாள் ஒட்டினேன், ராத்திரி அறை விளக்கில் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகி, தன் பிம்பத்தோடேயே அவை மல்லுக்கு நின்றுகொண்டிருந்தன. மறுநாள் பெரியவள் துரத்தினாள். நன்றாகவே துரத்தினாள், குஞ்சின் வால் ஓரத்தில் ஒரு சின்னக் கீறலும் விழுந்தது. பழைய அனுபவத்தில் கை கூடையைத் தேடிப் போனது, ஆனால் இந்தத் தடவை முடிவெடுக்கும் முன் ஒரு நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். தீவனம் போட்ட அரை மணி நேரம் கழித்து 10 நிமிடம், ஒவ்வொரு துரத்தலுக்கும் ஒரு கோடு, அந்தத் துரத்தல் உதறலில் முடிந்தால் கோட்டின்மேல் ஒரு புள்ளி.

இந்தப் புள்ளிக் கணக்குதான் இந்தப் பதிவிலேயே உருப்படியான விஷயம் என்று நினைக்கிறேன். பெரிய மீன்கள் இரண்டும் சண்டை போட்டபோது எடுத்த பழைய வீடியோவையும் போட்டுப் பார்த்தேன். அதில் ஒரு இடத்திலும் உதறல் இல்லை. துரத்தப்பட்டது ஓடிக்கொண்டே இருந்தது, துரத்தியது மூலை வரை போய்க் கடித்தது, திரும்பி வந்து மறுபடி தேடிப்போனது. குஞ்சோ, கொஞ்ச தூரம் ஓடித் திரும்பி, வயிறு தெரியச் சரிந்து உதறியது. அங்கேயே பெரியவள் நின்றுவிட்டாள். சில தடவை தலையால் அதன் விலாவை லேசாக இடித்துவிட்டுப் போனாள். கோடு எண்ணிக்கை முதலில் குறையவே இல்லை. ஆனால் புள்ளி வைத்த கோடுகள் கூடிக்கொண்டே போயின. வெறும் துரத்தல் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் பிரித்துவிட்டிருப்பேன்.

குஞ்சு மேல் மூலையில் ஒதுங்கி, தீவனத்துக்கும் வராமல் நின்றால் அது வேறு. அப்போது நோட்டெல்லாம் வேண்டாம், உடனே கூடைக்கு எடுத்துவிடுங்கள்.

ராத்திரிக் காட்சி இரண்டாவது அடையாளம். டார்ச்சில் சிவப்பு கலர் பேப்பர் இரண்டு மடிப்பு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன், சிவப்பு வெளிச்சத்தை இவை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. முதலில் பெரியவள் பூந்தொட்டிக்குள், குஞ்சு எதிர் மூலையில். ஒருநாள் குஞ்சும் பூந்தொட்டிக்கு வெளியே ஒரு சாண் தள்ளி மணலில் படுத்திருந்தது. இதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன், ஆனால் அந்த இடத்தில் அலை இழுப்பு குறைவு, தூங்க வசதியான இடம் அது ஒன்றுதான். சரி என்று தண்ணீரைத் தள்ளும் வேவ் மேக்கரைத் திருப்பி அந்த இடத்திலும் தண்ணீர் இழுக்கும்படி வைத்தேன். இப்போது குஞ்சுக்கு எதிர் மூலைதான் வசதி, ஆனாலும் பூந்தொட்டிப் பக்கமே வந்தது. வசதிக்காக வருகிறதா, அவளுக்காக வருகிறதா என்பதைப் பிரித்துப் பார்க்க இந்தச் சோதனை போதும், செலவும் இல்லை. கொஞ்ச நாளில் பூந்தொட்டிக்குள்ளேயே அவளோடு படுத்தது, அதுவும் அவள் வயிற்றை ஒட்டி.

கடலில் இவை குடியிருக்கும் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமல் கோமாளி மீன் எப்படி என்று கேட்பார்கள். வேண்டியதில்லை, ஒரு மூலையையோ, பம்பையோ, பானையையோ வீடாக்கிக்கொள்ளும். சாமந்திக்கு வேண்டிய விளக்குக்கும் தண்ணீர்ச் சுத்தத்துக்கும் என் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. பூந்தொட்டி 40 ரூபாய், சாதாரணச் சிவப்பு மண், மெருகு பூசாதது. பக்கத்தில் கரிகிரி இருக்கிறதே, அழகான மெருகுப் பானை கிடைக்குமே என்று ஆசை இருந்தது, ஆனால் மெருகில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாமல் உப்புத் தண்ணீரில் ஊறப்போட மனம் வரவில்லை. பூந்தொட்டியைப் படுக்கவைத்து வாய் பின்பக்கக் கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்படி வைத்தேன், முன்னால் நான் நடந்தால் அவை கலவரப்படாது, பக்கவாட்டில் தினத்தாளை விலக்கினால் எனக்கும் உள்ளே தெரியும்.

அடுத்தது அளவு. இதில் ஒரு நல்ல பாடம் கிடைத்தது. மீனைப் பிடிக்காமல் நீளம் பார்க்க, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டி, அதை ஒட்டியே தீவன வளையத்தை மிதக்கவிட்டேன். தீவனம் சாப்பிட வரும்போது மீன் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வரும், அப்போது எடுத்த போட்டோவை மட்டும் கணக்கில் எடுப்பேன், தள்ளி நிற்கும்போது எடுத்தால் சின்னதாகத் தெரியும். பெரியவள் 6-லிருந்து 7-க்கு வந்தாள். குஞ்சு 4 வரை சட்டென்று வளர்ந்தது, அதற்கப்புறம் 4.5-ஐத் தாண்ட மறுத்தது. நான் குடற்புழுவோ என்று சந்தேகப்பட்டு, குஞ்சுக்கு மட்டும் பிப்பெட்டில் ஊறவைத்த இறால் துருவல் கொடுத்தேன், உறைந்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வளரும் குட்டி இறால் வகை) கொடுத்தேன். சாப்பிட்டது, வயிறு பருத்தது, நீளம் நகரவில்லை. உபரித் தீவனத்தில் நைட்ரேட்தான் ஏறியது.

அப்புறம்தான் படித்தேன்: பீட்டர் பஸ்டன் என்பவர் பப்புவா நியூ கினியில் பெர்குலா கோமாளி மீன்களைக் கவனித்து 2003-ல் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார், ஒரே சாமந்தியில் வாழும் மீன்களில் கீழே இருப்பது மேலே இருப்பதைவிடக் குறிப்பிட்ட அளவு சின்னதாகவே தன் வளர்ச்சியை அடக்கி வைத்துக்கொள்கிறது, நெருங்கிவிட்டால் போட்டியாளர் ஆகி வெளியேற்றப்படும் என்பதால். என் குஞ்சு பட்டினியால் நிற்கவில்லை. தன் இடத்தைத் தெரிந்துகொண்டு நின்றிருக்கிறது. அளவு இடைவெளி குறையாமல் நிலைத்தது எனக்கு மூன்றாவது அடையாளம் ஆனது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தால்தான் கவலைப்பட வேண்டும். இறால் துருவலை நிறுத்தினேன், நைட்ரேட் தானாக இறங்கியது.

இதற்குப் பிறகு பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை, மார்கழிக் குளிரில் ஹீட்டர் போட்டு 26-ல் வைத்ததைத் தவிர. வேலூர்க் குளிரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, விடியற்காலையில் அறை 20-க்குக் கீழே போகும், 100 வாட் ஹீட்டர் கட்டாயம். இரண்டும் ஒன்றாகத் திரிந்தன, சாப்பிட்டன, தூங்கின. துரத்தல் கிட்டத்தட்ட இல்லை, உதறல் மட்டும் அப்பப்போ, மரியாதைக்கு.

முட்டைக்கு முன் நடந்தது தெளிவாகவே தெரிந்தது. இரண்டும் பூந்தொட்டியின் உள்சுவரில் ஒரே இடத்தை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன, முக்கியமாகச் சின்னவன் (இனி குஞ்சு என்று சொன்னால் கோபித்துக்கொள்வான்). பாசி படிந்த பச்சைச் சுவரில் உள்ளங்கையில் பாதி அளவுக்குச் செங்கல் நிறம் பளிச்சென்று தெரிந்தது. அவள் வயிறு பக்கவாட்டில் புடைத்தது. வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக ஒரு சின்னக் குழாய் துருத்தி நின்றது, அதைப் பார்த்தால் அன்றைக்கே முட்டை என்று வைத்துக்கொள்ளலாம். மத்தியானம் அவள் வயிற்றைச் சுவரில் உரசியபடி மெதுவாக வரிசை வரிசையாகப் போனாள், அவன் பின்னாலேயே அதே வரிசையில் போனான். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. ஆரஞ்சு முட்டை, ஒவ்வொன்றும் அரிசி நொய்யைவிடச் சின்னது.

முதலில் போட்டவை இரண்டாம் மூன்றாம் நாளில் காணாமல் போயின. புது ஜோடிகள் அப்படித்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், இருந்தாலும் நான் இரண்டு விஷயம் மாற்றினேன்: பூந்தொட்டிப் பக்கம் கை விடுவதை அறவே நிறுத்தினேன், ஒரு வேளை தீவனத்தை மூன்று வேளையாகப் பிரித்தேன். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்தத் தடவை அவன் முட்டையை விட்டு நகரவில்லை, வெளுத்துப்போன முட்டையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை விசிறினான். 27-28 டிகிரியில் ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள், விளக்கு அணைந்த பிறகு பொரியும்.

செலவு: தொட்டி 7,500. ரெசின் 1,900. ரிஃப்ராக்டோமீட்டர் 1,400. உப்பு இதுவரை மூன்று வாளி, வாளி 2,600. கல் 3,000. கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் 6,500. வேவ் மேக்கர் 1,600. ஃபேன், அடாப்டர் 950. ஹீட்டர் 900. டெஸ்ட் கிட்டுகள் 2,800. பெரிய மீன்கள் இரண்டும் 3,000, குஞ்சு 650. கூடை 90, பூந்தொட்டி 40. ஜோடி சேர்ந்ததா என்று கண்டுபிடிக்க உண்மையில் உதவியவை கடைசி இரண்டும், ஸ்கேலும், நோட்டும்தான்.

மறுபடி செய்தால் பெரிய மீனே வாங்க மாட்டேன். பொரிப்பகக் குஞ்சுகள் இரண்டு, ஒன்று 3, இன்னொன்று 4 செ.மீ. என்று அளவு வித்தியாசத்தோடு எடுப்பேன், அவை தாங்களே பேசி முடித்துக்கொள்ளும், முட்டைக்கு ஒரு வருடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று குஞ்சு விட்டு அதில் இரண்டு சேரட்டும் என்று சிலர் செய்கிறார்கள், என் தொட்டி அளவில் மூன்றாவதன் கதி என்ன ஆகும் என்று தெரியும், வேண்டாம். பக்கக் கண்ணாடியைத் தொட்டி ஒட்டும்போதே கறுப்பாக்கிவிடுவேன். தண்ணீர் நிரப்ப ஒரு தானியங்கி மிதவை வைப்பேன், ஊருக்குப் போனால் அம்மாவை நம்பி விட்டுப்போக வேண்டியிருக்கிறது, அவர் கோட்டுக்கு மேல் அன்பாக ஒரு சொம்பு கூட ஊற்றுவார்.

குஞ்சு வளர்ப்புக்கு இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறேன். 20 லிட்டர் தொட்டிக்குச் சுற்றிலும் கறுப்புத் தாள் ஒட்டியாயிற்று. பொரிந்த குஞ்சுக்கு முதல் தீவனம் ரோட்டிஃபர் என்கிற நுண்ணிய நீர் உயிர், அதை முன்கூட்டியே வளர்த்து வைக்காவிட்டால் எல்லாம் போய்விடும், 20 லிட்டர் வாட்டர் கேனில் பாசி வளர்ந்த பச்சைத் தண்ணீர் ஊற்றி மாடிப்படிக்குக் கீழ் ஓடவிட்டிருக்கிறேன். ஒரு வாரம் கழித்து ஆர்ட்டீமியா. அந்தக் கணக்கு வேறு பதிவு.

இன்னொன்று, முட்டை இருக்கும்போது கண்ணாடி தேய்க்கக் கை விட்டால் பெரியவள் பாய்ந்து வந்து விரல் நுனியைக் கடிப்பாள். ரத்தம் வராது, ஆனால் திடுக்கிட்டுக் கையை இழுக்கும்போது ஸ்கேலும் ஃபேனும் சேர்ந்து தண்ணீரில் விழும். ஃபேன் ஸ்விட்சை அணைத்துவிட்டு, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நேதாஜி மார்க்கெட்டில் 120 ரூபாய்க்குக் கிடைக்கிறது.